காலி பஸ்ஸில் இடமில்லை

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எதையும் நம்புகிற ஆள் நான் கிடையாது. தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டராக இருக்கிறேன். அமாவாசைக்கும் ஓடியிருக்கிறேன், சுடுகாட்டு ஸ்டாப்பில் நிறுத்தி ஆள் ஏற்றியிருக்கிறேன், மனிதர்களையும் அவர்கள் கொண்டுவரும் கோழிகளையும் தவிர வேறெதுவும் என் பஸ்ஸில் ஏறிப் பார்த்ததில்லை. ஒருமுறை குறி சொல்கிற ஒருவர் ஊர் மாறிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டு, பாதி வழியில் என்னோடு சண்டை போட்டு இறங்கினார். அன்றோடு அந்த வகையறா மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் எனக்குப் போய்விட்டது. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். ராத்திரியில் நடந்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று நானே சொல்லியிருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகல், மணி இரண்டேகால் இருக்கும், வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது.

முதலில் மாதண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதையன் என்று பெயர், எங்கள் வண்டியின் டிரைவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அரூரிலிருந்து கம்பைநல்லூர் வழியாகத் தருமபுரி, திரும்ப அரூர், இதுதான் எங்கள் தடம். பதினோரு வருடம் ஒரே வண்டியில் ஓடினோம். என்னை முதலாளியிடம் அழைத்துப் போய் நிறுத்தி வேலை வாங்கித் தந்தவரே அவர்தான். என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் ஊரில் இல்லை, இவர் மடியில்தான் உட்கார வைத்துக் குத்தினோம். வண்டி ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ரோட்டில் குழி வருவது அவருக்கு மட்டும் முன்னாடியே தெரியும் போல, படியில் நிற்கிற எனக்கு ஒரு குலுக்கல் இருக்காது.

போன வருடம் தை மாதம் அவர் சம்சாரம் இறந்துபோனார். கிட்னி கெட்டுப்போய் ரொம்ப நாள் இழுத்தது. ஆஸ்பத்திரி எங்கள் தடத்திலேயே இருந்தது. தினம் நான்கு முறை அதன் வாசலைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும், அவரும் ஓட்டிக்கொண்டு போவார். கருமாதி முடிந்த சாயந்திரம் குடித்தார், அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பிறகு தினமும் ராத்திரி குடித்தார், அதையும் நான் தப்பாக நினைக்கவில்லை. பங்குனி கடைசியில், அரூர் ஸ்டாண்டில் வண்டி நிற்கிற அரை மணி நேரத்தில் பின்பக்கமாகப் போய்விட்டு வர ஆரம்பித்தார். அவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கூல்டிரிங்ஸ் பாட்டில் எப்போதும் இருக்கும். வாயில் ஏலக்காய். எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டபோதே தெரிந்துவிட்டது.

சொல்வதா வேண்டாமா என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அடித்தேன், அழித்தேன், இன்னொரு நாள் அடித்தேன், அதையும் அழித்தேன். இன்னொரு வண்டியில் இருக்கும் என் கூட்டாளி ஒருவனிடம் பெயர் சொல்லாமல் யோசனை கேட்டேன். அவன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

"டிரைவரப் போட்டுக் குடுத்தவன்னு பேரு வந்துச்சுன்னா இந்த லைன்ல ஒருத்தனும் உன்கூட வண்டி ஏற மாட்டான் பாத்துக்க. நீயே தனியாப் பேசி நிறுத்தச் சொல்லு."

பேசினேன். பேசவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. மாதண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "நாளையிலிருந்து இல்லடா" என்றார். இரண்டு நாள் அந்த பாட்டில் இல்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார், இரண்டு பேரும் பேசவில்லை. ஐம்பத்திரண்டு வயசு ஆளை லைசென்ஸையும் பிடுங்கி வீட்டில் உட்கார வைத்தால், சம்சாரமும் இல்லாத அந்த வீட்டில் அவர் என்ன ஆவார் என்று நினைப்பேன். அந்த நினைப்பு நியாயமாகவே தோன்றும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேருக்கும் வீடு இருக்கிறது என்பது அந்த நேரத்தில் தோன்றாது. தெரிந்த ஒருத்தருடைய கஷ்டம் பெரிதாகத் தெரியும், தெரியாத ஐம்பது பேருடைய உயிர் கணக்கிலேயே வராது. மனசு அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்வது.

இதில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. தினமும் எங்கள் வண்டியில் வருகிற ஒரு நர்ஸம்மா, முன் சீட்டில் உட்காருவார், ஒருநாள் இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்டக்டர், டிரைவர்கிட்ட வாசன வருதுங்களே. பஸ்ஸுக்குப் பின்னாடி புகார் நம்பர் எழுதியிருக்குது, போன் பண்ணட்டுங்களா?"

"அய்யோ வேணாங்க சிஸ்டர். அவருக்கு வாயுத் தொல்லைங்க, ஏதோ நாட்டு மருந்து குடிக்கறாரு, அந்த வாசனைங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க பாத்துக்கறேன்னா சரிங்க" என்று இறங்கிப் போய்விட்டார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், நர்ஸுக்குத் தெரியாதா? ஆனாலும் என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார்.

அது நடந்து ஒரு வாரம் இருக்கும். புதன்கிழமை. அரூரிலிருந்து இரண்டு மணி வண்டி, கூட்டமில்லாத நடை. மொத்தம் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிச் சீட்டில் வெயில்தான் உட்கார்ந்து வந்தது. மாதண்ணன் அன்று கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தார். ஸ்டாண்டை விட்டு எடுக்கும்போதே சுவரை உரசாமல் தப்பித்தோம்.

முதல் ஸ்டாப்பில் காலேஜ் பெண்கள் நான்கைந்து பேர் கை காட்டினார்கள். வண்டி நின்றது. பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், பின்வாங்கி நின்றுவிட்டார்கள். பின்னால் வேறு பஸ் வருகிறது போல என்று நினைத்து விசில் கொடுத்தேன். அடுத்த ஸ்டாப்பில் ஒரு பெரியவர். ஓடி வந்தவர் படிக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

"ஏறுங்க பெரியவரே."

"எங்கப்பா ஏறறது? படியிலயே தொங்கறாங்க. நான் அடுத்த வண்டியில வரேன், போ."

படியில் நான் ஒருவன்தான் நின்றிருந்தேன். பெரியவருக்குக் கண் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தானே நினைப்போம்? மூன்றாவது ஸ்டாப்பில் முனியம்மா அக்கா நின்றிருந்தார். சாமந்திப் பூ கொண்டுபோய்த் தருமபுரியில் விற்கிறவர், எங்கள் வண்டி தவிர வேறு வண்டியில் ஏற மாட்டார், கண் நல்ல கண். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது.

"என்னாங்க கண்டக்டரே இன்னைக்கி, திருவிழாக் கூட்டமாட்டம்? கூடைய வெச்சிக்கினு எங்க நிக்கறது நானு? பூவு நசுங்கிப் பூடும். நீங்க போங்க."

திரும்பி உள்ளே பார்த்தேன். ஏழு பேர். ஒருவர் தூங்குகிறார், ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றபடி காலிச் சீட்டுகள், மேலே ஆடுகிற கைப்பிடிகள். விசில் கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. மாதண்ணன் தானாகவே வண்டியை எடுத்துவிட்டார்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். வண்டி இழுக்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் நிறைமாதக்காரி மாதிரி பாரம் ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி முனகிக்கொண்டு மேட்டில் ஏறியது. ஏழே ஏழு பேரோடு. நான் முன்பக்கம் போகலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். அப்போது மாதண்ணன் திரும்பாமலே கத்தினார்.

"டேய், இன்னாடா இவ்ளோ பேர ஏத்தியிருக்க! முன்னாடி நிக்கறவங்களப் பின்னாடி போவச் சொல்லுடா. கண்ணாடியில ஒண்ணுமே தெரியல, பூரா தலையா இருக்குது!"

அவர் தலைக்கு மேல் இருக்கிற உள் கண்ணாடியை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், நாலு அடி தூரம்தான். பார்க்கத் தைரியம் வரவில்லை. எதிரே ஆற்றுப் பாலம் தெரிந்தது. ஒற்றை விசில் என்றால் நிறுத்த வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு. நான் ஒற்றை விசிலை மூச்சு முட்டுகிற வரைக்கும் ஊதினேன். வண்டி வளைந்து, ஓரத்து மண்ணில் இறங்கி, பாலத்துக்கு முன்னால் நின்றது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன்.

"இன்னாடா பண்ற?" என்றார். கண் சிவந்திருந்தது.

"எறங்குண்ணா."

"எல்லாரும் பாக்கறாங்கடா. இத்தன பேரு முன்னாடி என்னை அசிங்கப்படுத்தாத."

"எறங்குண்ணா" என்று மட்டும்தான் மறுபடியும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். டிரைவர் குடித்திருக்கிறார், இன்று மட்டும் இல்லை, இரண்டு மாதமாகக் குடிக்கிறார், எனக்குத் தெரியும், நான் மறைத்தேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அந்த ஏழு பேரையும் பின்னால் வந்த வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மாதண்ணன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயாடா" என்றார்.

அந்தப் பாலத்தில் ஏதாவது நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பாலம் வெறிச்சென்றுதான் இருந்தது. எப்போதும் போல அவர் தாண்டிப் போயிருக்கவும் கூடும். நடக்காமல் போனதற்கு யார் சாட்சி சொல்வது?

மாதண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முதலாளி எனக்கும் ஒரு மாதம் வண்டி கொடுக்கவில்லை, மறைத்ததற்கு. அது சரிதான். லைனில் இரண்டு மூன்று பேர் இன்னும் என்னோடு டீ குடிக்க வர மாட்டார்கள். மாதண்ணனை அவர் தம்பி ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தார். இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் தண்ணீர் விடுகிற வேலை. குடிப்பதில்லை என்கிறார்கள். என் நம்பரை அவர் எடுப்பதில்லை. நானும் மாதம் ஒருமுறை அடித்துவிட்டு வைத்துவிடுகிறேன். முன்னாடியே சொல்லியிருந்தால், பாட்டில் திரும்பி வந்த அந்த மூன்றாம் நாளே சொல்லியிருந்தால், ஒருவேளை லீவு கொடுத்து வைத்தியம் பார்த்திருப்பார்களோ, வேலை தப்பித்திருக்குமோ என்று தோன்றும். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான்தான் அவரை அந்தக் கல் வரைக்கும் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

முனியம்மா அக்காவிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. கேட்காமலே இருந்திருக்கலாம். போன மாதம் ஒருநாள் கூட்டமில்லாத நடையில் அவர் கடைசிச் சீட்டில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கி ஏறாம நின்னீங்களே, நெசமாலுமே கூட்டம் இருந்துச்சுங்களா?"

"இல்லாமயா? கால் வெக்க எடமில்ல."

"யாருங்க அவங்கல்லாம்? வெளியூர்க்காரங்களா?"

"வெளியூரா? தெனம் வர்ற சனந்தாங்க அத்தனையும். புதுசா ஒருத்தரும் இல்ல." நார் பல்லில் இருந்தது. எடுத்துவிட்டு யோசித்தார். "ஆனா எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அவ்ளோ பேரு நிக்கறாங்க, ஒருத்தரும் வெளிய பாக்கல, ரோட்டப் பாக்கல. எல்லாரும் உங்களத்தான் பாத்துக்கினு நின்னாங்க. நீங்க ஏதோ சொல்லப் போறீங்கன்னு காத்திருக்கற மாதிரி."

நான் எழுந்து படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு மணிக்கு அந்த தினசரிச் சனமெல்லாம் வீட்டிலும் வேலையிலும்தான் இருந்தார்கள், உயிரோடு, அவரவர் பாட்டுக்கு. இன்றைக்கும் அதே ஆட்கள்தான் என் வண்டியில் வருகிறார்கள். பக்கத்தில் போனதும் டிக்கெட்டுக்காக நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடி, யாராக இருந்தாலும் சரி, நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன்.