கேஸ் டின்னைப் பிடித்து நின்றவள்

என் வீட்டுக்காரர் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். காருக்கான உதிரி பாகங்கள் செய்கிற கம்பெனி. அந்தக் காலத்தில்தான் பழைய கார் ஒன்றை வாங்கினார். பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். அவரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருக்க ஆரம்பித்த புதிதில் தினமும் காரைக் கழுவினார். பிறகு அதையும் விட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஆரி வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாண ரவிக்கைகளுக்குக் கையிலும் முதுகிலும் மணியும் ஜரிகையும் வைத்துப் பூ போடுகிற வேலை. உத்திரமேரூரில் ஒரு அக்காவிடம் கற்றுக்கொண்டேன். வாலாஜாபாத்திலிருந்துகூடத் துணியை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்கு வருவார்கள். ஜன்னல் ஓரத்தில் மரச்சட்டத்தில் துணி எப்போதும் இழுத்துக் கட்டியிருக்கும். அவருக்கு வேலை போனபிறகு அந்தச் சட்டத்தை வைத்துத்தான் வீடு ஓடியது. அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் யாராவது துணியோடு வாசலில் வந்து நின்றால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

சித்திரையில் அவருடைய தங்கையும் தங்கை புருசனும் சென்னையிலிருந்து வந்தார்கள். காஞ்சிபுரம் வரை காரில் அழைத்துப் போனோம். ஏசி போட்டிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"இன்னா மச்சான், ஏசின்னு சொல்லிட்டு ஃபேனைப் போட்டு ஏமாத்துறீங்க?" என்று தங்கை புருசன் பின் சீட்டிலிருந்து கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவருடைய காது சிவந்துபோனதை முன் சீட்டிலிருந்த நான் பார்த்தேன். இறங்கும்போது தங்கை சொன்னாள், "பொண்ணுக்கு ஐயங்கார்குளத்துல ஒரு இடம் வந்துகீது அண்ணா. அடுத்த மாசம் மாப்பிள்ளை வூடு பாக்கப் போவணும். உன் கார்லயே போயிடலாம்."

அவர்கள் போன மறுநாளே சொன்னேன், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கார் ஏசி பார்க்கிற கடை இருக்கிறது, அங்கே விடுவோம் என்று.

"அவனுக்கு இன்னா தெரியும்? வருசக்கணக்கா கார் வேலை பாத்தவன் நானு. ஏசிக்கு வூட்லயே கேஸ் அடிக்கலாம். டின்னு விக்கறான், ட்யூபு விக்கறான், வீடியோ கீது."

அவர் கம்பெனியில் செய்தது கார்க் கதவுக்கு வைக்கிற ரப்பர். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும், ரொம்ப நாள் கழித்து அந்த மனுசன் ஒரு வேலையைக் கையில் எடுக்கிறார், எடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

பார்சல் வந்தது. அக்னி நட்சத்திரத்து வெயில். தெருவில் காரை நிறுத்தி பானட்டைத் திறந்து வைத்து, வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். சின்ன டின், அதன் வாயில் முறுக்குகிற திருகு, அதிலிருந்து ஒரு ட்யூப், நடுவில் வட்டமான மீட்டர். ட்யூபின் மறுமுனையை இஞ்சினுக்குள் ஒரு மூடியைக் கழற்றிவிட்டு அழுத்தி மாட்டினார். அதைச் சரியாகத்தான் செய்தார். கம்பெனியில் கொடுத்த கையுறைகளை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இந்தா, வா இங்க" என்று கூப்பிட்டார். "நான் உள்ள குந்திக்கினு ஆக்சிலேட்டர் குடுக்கறேன். நீ இந்த டின்னைத் தலைகீயா புடிச்சி ஆட்டிக்கினே இரு."

"எனக்கும் கையுறை வேணுமா?"

"நீ சும்மா புடிச்சிக்கினு நிக்கப் போறே. உனக்கு இன்னாத்துக்கு?"

சட்டத்தில் பாதி முடிந்த ரவிக்கை இருந்தது. விட்டுவிட்டு வந்து நின்றேன். இஞ்சின் உறுமியது. டின் என் கையில் மெல்லச் சில்லிட்டது. கொஞ்ச நேரத்தில் அதன் மேல் வேர்வைபோல் தண்ணீர் பூத்தது. திருகு இருந்த இடத்திலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"இன்னாங்க, இங்க சத்தம் வருது."

"லூசா கீது போல. கையால டைட் பண்ணு."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்" என்றார். சீட்டை விட்டு எழவில்லை.

இடது கையில் டின். வலது கை விரல்களால் திருகைப் பிடித்து வலது பக்கம் திருப்பினேன். டின் தலைகீழாக இருந்தது. தலைகீழாகப் பிடித்தால் வலது இடதாகிவிடும். அது இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை. திருகு இறுகாமல் கழன்றது. உள்ளே இருந்தது வெள்ளையாகச் சீறிக்கொண்டு என் விரல்களின் மேல் அடித்தது.

முதலில் வலி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மெழுகுபோல வெளுத்தன. டின் கீழே விழுந்து, தரையில் சுற்றிச் சுற்றிச் சீறியது. அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். குனிந்து டின்னை எடுத்தார்.

"போச்சு. கேஸ் பூரா போச்சு" என்றார்.

டின்னைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எரிச்சல் அப்போதுதான் ஆரம்பித்தது. கொதிக்கிற எண்ணெயில் விட்ட மாதிரி எரிந்தது.

"வலது பக்கம்னு தானே சொன்னேன்" என்றார்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அதே காரில்தான் போனோம். கையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். விரல்களில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் அவர் ஏசியைப் போட்டார். காற்று வருகிற ஓட்டைக்கு நேராகக் கையை வைத்துப் பார்த்தார். வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார்.

"பாதி உள்ள போயிருக்குது. பாரு, சில்லுன்னு வருது" என்றார்.

அவர் என்னிடம் கோபமாகவோ கிண்டலாகவோ அதைச் சொல்லவில்லை. சந்தோசமாகச் சொன்னார். வேலை போனபிறகு அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "எண்ணெய் கொட்டிக்கினியா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார், "இல்லம்மா, கார் ஏசி கேஸு. டின்னை ஒயுங்கா புடிக்கத் தெரியல. அஜாக்கிரதை."

டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, குளிர்கூட நெருப்பு மாதிரியே சுடும், இது ஆழமாகப் போயிருக்கிறது, ஆற நாளாகும் என்றார். கட்டுப் போட்டு அனுப்பினார்.

வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. மணப்பெண்களின் அம்மாக்கள் வந்து என் கட்டைப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்றார்கள். பிறகு துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். பாதியில் நின்ற ரவிக்கையை மட்டும் நானே உத்திரமேரூர் அக்காவிடம் எடுத்துப்போய்க் கொடுத்து முடித்துத் தரச் சொன்னேன்.

அவர் இன்னொரு டின் வாங்கினார். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. டின்னைக் கயிற்றால் பானட்டில் கட்டித் தொங்கவிட்டு, தான் ஒருவராகவே அடித்து முடித்தார். அப்படியும் செய்ய முடியும் என்பதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை குடும்பம் வந்தது. ஐயங்கார்குளம் போய்த் திரும்பினார்கள். நான் சமையலுக்காக வீட்டில் இருந்துகொண்டேன். சாப்பிட உட்கார்ந்ததும் தங்கை புருசன், "மச்சான், கார்ல ஊட்டி மாதிரி கீதே. எங்க குடுத்து செஞ்சீங்க?" என்றார்.

"எங்கயும் குடுக்கல. நானே அடிச்சேன்."

"நெசமாவா?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். டின், ட்யூப், மீட்டர், எல்லாம். என் விரல் கதையும் நடுவில் வந்தது. "வலதுன்னா இவ இடதுல திருப்பிட்டா" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, சாப்பாட்டுக்கு நடுவில் வருகிற சிரிப்பு. நான் சாம்பார்க் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

தங்கை நிமிர்ந்து பார்த்து, "அண்ணி, இடது கையிலயா பரிமாறுவாங்க? நல்ல காரியம் பேசிட்டு வந்துகீறோம், குடுங்க, நான் போட்டுக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஆடி முடிவதற்குள் ஏசி மறுபடியும் வெறும் காற்றாகிவிட்டது. எங்கேயோ ஓட்டை இருந்திருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடித்தால் அது எத்தனை நாள் நிற்கும்? அவர் அதைப்பற்றிப் பிறகு பேசவே இல்லை. கொஞ்ச நாளில் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை கிடைத்து, பைக்கில் போக ஆரம்பித்தார். கார் தெருவிலேயே நின்றது.

ஒருநாள் சாயங்காலம் அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கு என் கைய பாக்காம, கேஸ் போச்சேன்னு ஏங்க சொன்னீங்க?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நானா? அப்டியா சொன்னேன்? நான்தானே உன்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன்" என்றார்.

பொய் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகமே இல்லை. நான் இவ்வளவு நாளும் தூக்கிக்கொண்டு திரிந்த வார்த்தை அவர் மனசில் ஒருநாள்கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

தோல் புதிதாக வளர்ந்துவிட்டது. மூன்று விரல்களின் நுனியில் மட்டும் உணர்ச்சி வரவில்லை. ஆரி ஊசி கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு பூ போடுவதற்குள் மற்றவர்கள் ஒரு ரவிக்கைக் கையையே முடித்துவிடுவார்கள். சட்டத்தைக் கழற்றி உத்திரமேரூர் அக்காவிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் இப்போது அவளிடம் போகிறார்கள். அவள் நல்லவள். பூவேலை முடிந்த ரவிக்கைகளுக்கு ஓரம் அடிக்க என்னிடம் அனுப்பிவைக்கிறாள். அதை மெஷினில் அடித்துக் கொடுத்துவிடுகிறேன். கொக்கியை மட்டும் அவளே தைத்துக்கொள்கிறாள். அவ்வளவு சின்னது என் விரலில் நிற்பதில்லை.