வலப்பக்கத்து நாற்காலி

பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவருக்கு எதிரே, சற்று வலப்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெயக்குமார் கண்ணை மூடுகிறார். சுவரில் ஒரு விமானத்தின் முகப்பறை, விமானிகள் உட்காரும் இடம், நிஜ அளவில், காகிதமாக ஒட்டியிருக்கிறது. அவருடைய இடது கை தாழ்வாக நீண்டு, இல்லாத நெம்புகோல் ஒன்றை மெல்ல முன்னே தள்ளுகிறது. வலது கை நெஞ்சருகே இல்லாத கைப்பிடி ஒன்றைப் பற்றியிருக்கிறது. உதடுகள் முணுமுணுக்கின்றன. இடுப்பில் லுங்கி, நெற்றி நிறையத் திருநீறு. இந்தக் கோலத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்ட பால்காரர், "சாருக்கு சாமி வருதாம்மா?" என்று ஜெயக்குமாரின் மனைவி சங்கீதாவிடம் கேட்டாராம். "சாமி இல்லண்ணா, தூத்துக்குடி வருது" என்றாராம் சங்கீதா.

ஜெயக்குமார் ஒரு சின்ன விமான நிறுவனத்தில் துணை விமானி. இறக்கையில் விசிறி சுழலும் சிறிய விமானம். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம், ராஜமுந்திரி என்று பெரிய விமானங்கள் எட்டிப் பார்க்க யோசிக்கும் ஊர்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்குவது வேலை. விமானத்தில் கேப்டன் இடப்பக்கம் உட்காருவார், துணை விமானி வலப்பக்கம். ஆறு வருடமாக இவர் வலப்பக்கம். வெறும் காகிதம்தானே, நாற்காலியை நடுவில் போட்டு வசதியாக உட்காரலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"கைக்குத் தெரியணும்பா பரசு" என்றார். "லீவரு நடுவுல இருக்குது. எனக்கு லெஃப்ட் கையி, கேப்டனுக்கு ரைட் கையி. கை தப்பாக் கத்துக்கினா அப்புறம் மறக்காது."

செவிலிமேட்டில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். சொந்த ஊர் தாமல். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் என் பெயருக்குப் பின்னால் எம்.காம். என்று பச்சை பெயிண்டில் அப்பா எழுதி வைத்திருக்கிறார், ஏரிக்கரையிலிருந்தே படிக்கலாம். ஜெயக்குமார் பட்டதாரி அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக விமானப் பயிற்சிக்குப் போய்விட்டவர். சட்டைத் தோளில் தங்கக் கோடுகளோடு அவர் காரில் ஏறும்போது தெருவில் இருக்கிற அத்தனை ஜன்னலும் திறக்கும். அப்போதெல்லாம் அவர் பட்டதாரி அல்ல என்பதை நான் நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அவரிடம் சில வினோதங்கள் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்வார். வானத்தில் அப்படிச் சொல்லியே தீரவேண்டுமாம், காதில் சரியாக விழுந்தது என்பதற்கு அத்தாட்சி. "வரும்போது கொத்தமல்லி வாங்கினு வா" என்று சங்கீதா சொன்னால், "வரும்போது கொத்தமல்லி" என்பார். காய்கறிக்காரம்மா பொன்னி, "கத்திரிக்கா அறுபது" என்றால், வானத்தில் எண்ணைச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்து, "கத்திரிக்கா ஆறு பூஜ்யம்" என்பார். "இன்னாபா, நான் சொன்னதயே சொல்லி என்ன நக்கல் பண்றியா?" என்று அந்தம்மா ஒரு நாள் தராசைக் கீழே வைத்துவிட்டது. இன்னொன்று, ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைத் தொட்டுப் பார்ப்பார். விமானத்துக்குச் செய்கிற சோதனை. அவர் வண்டிக்குப் பிரதட்சிணம் செய்கிறார் என்று தெருவில் பேச்சு.

தெருவுக்கு அவர் மேல் பெருமையும் உண்டு, அதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிற ஆசையும் உண்டு. யாரோ ஒருத்தர் அந்தச் சிறிய விமானத்தில் போய் வந்துவிட்டு, "ஃபேன் சுத்துதுபா, டேபிள் ஃபேன் மாதிரி" என்று சொல்லப்போக, 'ஃபேன் பைலட்' என்று பெயர் நிலைத்துவிட்டது. நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. யாராவது சொல்லும்போது தடுத்ததும் இல்லை.

இந்த நிலையில்தான் பெரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்தது. ஜெட் விமானம். சம்பளம் கூடுதல், கம்பெனி பெரியது, நாளைக்கே மூடிவிடுமோ என்ற பயம் கிடையாது. ஆனால் அங்கே வரிசையின் கடைசியில் போய் நிற்கவேண்டும், அதே வலப்பக்கத்து நாற்காலியில். முதல் சில வருடங்கள் டெல்லியில் தங்கவேண்டும். இங்கேயே இருந்தால், ஆடி முடிந்ததும் கேப்டன் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். என்னை இதுவரை எந்த நிறுவனமும் வா என்று கூப்பிட்டதில்லை, இப்போது போகிற ஆபீஸ் வேலைகூட நானாக அலைந்து பிடித்தது. இந்த மனிதருக்கோ இரண்டு பக்கமும் இழுப்பு. போதாததற்கு, அதை ஒரு கஷ்டமாக என்னிடம் வந்து சொன்னார்.

"நீ படிச்ச புள்ள, நீ சொல்லு பரசு. நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

"வீட்ல கேட்டீங்களா சார்?" என்றேன். இந்த மாதிரி சமயங்களில் கைகொடுக்கிற கேள்வி அது.

வீட்டில் கேட்டிருந்தார். சங்கீதா பட்டுச்சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருகிறார். கீழ்வீட்டுப் பின்கட்டில் பாய் விரித்து, நான்கைந்து பெண்களை உட்காரவைத்து, கடைக்காரர்களே வண்டி எடுத்துக்கொண்டு தேடி வருகிற அளவுக்கு அதை வளர்த்திருக்கிறார். "நீ ஜெட்டு ஓட்டு, ராக்கெட்டு ஓட்டு, எனக்கு இன்னா?" என்றார், பல்லில் நூலைக் கடித்தபடி. "டெல்லியில எவ எனக்கு சேல எடுத்தாந்து குடுப்பா? நான் வரமாட்டேன். லீவு வுட்டா வா, சோறு போடறேன்."

ஜெயக்குமாரின் அப்பா நமச்சிவாயம், பிள்ளையார்பாளையத்தில் மூன்று தறி ஓட்டுகிறவர், ஜெட் பக்கம். மகனுக்காக அல்ல. ஒரு கல்யாணப் பந்தியில் மைத்துனர் கைலாசம் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா மாமா, உன் புள்ள இன்னும் ஃபேன் வண்டிதான் ஓட்டினு இருக்கானா?" என்று கேட்டுவிட்டாராம். அன்று எழுந்து வந்தவர் பாயசம்கூடச் சாப்பிடவில்லை. மறுநாளே தறிக்காரர்கள் எல்லாரிடமும் மகன் ஜெட்டுக்குப் போகிறான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

"நைனா, நான் இன்னும் முடிவே பண்ணலியே!"

"நான் பண்ணிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

ஆனால் ஜெயக்குமாரை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது அப்பாவும் இல்லை, சம்பளமும் இல்லை. அதன் பெயர் ராமராஜன். பயிற்சிப் பள்ளியில் ஒரே அறையில் கிடந்த வில்லிவாக்கத்து நண்பர். அந்தப் பெரிய நிறுவனத்தில் ஜெட் ஓட்டுகிறார். ஜெயக்குமார் அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கக்கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு, தினமும் பார்ப்பார். நீலம் கருக்கிற உயரத்தில் ஒரு ஜன்னல். சூரிய உதயம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டில் ஆம்லெட்.

"பாரு, மேகத்துக்கு மேல உக்காந்து துன்னுக்கினு இருக்கான்" என்று போனை என்னிடம் நீட்டுவார். "நாங்க மேகத்துக்குள்ளயே குலுங்கினு போறோம். டீ டம்ளரக் கீழ வெக்க முடியாது." குரலில் சிரிப்பு இருக்கும். கட்டைவிரல் மட்டும் அந்தப் படத்தை விடாமல் பெரிதாக்கிக்கொண்டிருக்கும். பொறாமை எனக்குப் புதிய விஷயம் இல்லை. அடுத்தவர் முகத்தில் பார்த்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும். இவ்வளவு கொடுத்துவைத்த மனிதருக்கும் அது இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

அந்த ராமராஜனே ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார். தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் பட்டு எடுக்க அம்மாவோடு காஞ்சிபுரம் வந்தவர், பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளில் பாதி நாளைத் தொலைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்தார். காரை விட்டு இறங்கியதும் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாசலில் நின்ற ஜெயக்குமாரும் கூடவே சுற்றினார். ஒன்றுமில்லாத அந்தக் காரை இரண்டு பேரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

பந்தியில் நமச்சிவாயமும் நானும் இருந்தோம். ராமராஜனின் அம்மா அங்கம்மாள் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "எங்க ராமு ஓட்டுறது பெரிய ஜெட்டுங்க. எரநூறு பேரு உக்காரலாம்."

"எங்க பையனும் அங்கதாங்க போறான்" என்றார் நமச்சிவாயம், இலையைப் பார்த்தபடி.

"அப்பிடியாடா? சொல்லவேயில்ல!" என்று ராமராஜன் திரும்பினார்.

"கூப்ட்டுருக்காங்க. யோசிச்சினு இருக்கேன்."

"இதுல இன்னாடா யோசன?"

"இங்க ஆடி முடிஞ்சி லெஃப்ட் சீட்டு தரேன்னு சொல்றாங்க. வந்தாதான் நெஜம்."

ரசத்தைக் கையில் ஏந்திய ராமராஜன் அப்படியே நிறுத்தினார். விரலிடுக்கில் ரசம் வழிந்து முழங்கை வரை போனது. "இந்த ஆடியா?"

"இந்த ஆடிதான். உனக்கு எப்ப?"

"எனக்கா?" ராமராஜன் சிரித்தார். "எனக்கு முன்னாடி ஒரு ஊரே நிக்குதுடா. அதுங்கல்லாம் ஏறி முடிச்சி என் டர்னு வரதுக்குள்ள எனக்கு இருக்குற முடியும் கொட்டிடும்." பிறகு ரசத்தைக் குடித்தார். சங்கீதா அப்பளம் வைத்தது அவருக்குத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து பெண்கள் பின்கட்டில் சேலைகளை விரித்து உட்கார்ந்தார்கள். நமச்சிவாயம் உள்ளறையில் கண்ணயர்ந்தார். ஜெயக்குமார் பீடா வாங்கத் தெருமுனைக்குப் போனார். நான் மாடிக்குப் போய், சங்கீதா முந்தின நாள் குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பித் தர எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் முன்னறை ஜன்னல் தெரியும்.

ராமராஜன் தனியாக இருந்தார். சுவரில் இருந்த காகிதத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். வாசலைப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் கிடந்த நாற்காலியை, தரையில் உராயாமல், இரண்டு கையாலும் தூக்கி இடப்பக்கம் வைத்தார். உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். ஜெட் ஓட்டுகிற அந்த மனிதர், டேபிள் ஃபேன் என்று தெரு சிரிக்கிற வண்டியின் காகித நெம்புகோல் மேல் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

கேட்டுக்கு வெளியே, கையில் பீடாப் பொட்டலத்தோடு ஜெயக்குமார் நின்றிருந்தார். அங்கிருந்தும் அந்த ஜன்னல் தெரியும். நான் பார்த்ததை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் இவ்வளவு நிறைந்து நான் கண்டதில்லை. தங்கக் கோடு போட்ட சட்டையில்கூட இல்லை. சத்தம் போடாமல் நான்கு எட்டு பின்னால் போனார். அங்கிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, கேட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி படாரென்று திறந்தார்.

"ராமு! ஸ்வீட் பீடா இல்லடா, சாதாதான் இருந்துது!"

உள்ளே நாற்காலி காலியாகியிருந்தது. ராமராஜன் ஜன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாதாவே போதும்டா" என்றார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல நான் ஆபீசுக்கு இறங்கும்போது ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலி இடப்பக்கமே கிடந்தது. அதை யாரும் பழைய இடத்துக்குத் தள்ளவில்லை. ஜெயக்குமார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போனில், தறிச் சத்தத்துக்கு மேலே நமச்சிவாயத்தின் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"இன்னாடா, எழுதிப் போட்டியா?"

"எழுதிப் போட்டேன் நைனா."

"இன்னான்னு எழுதின?"

"சாயங்காலம் வந்து சொல்றேன்."

"ஏன், இப்ப சொன்னா இன்னா? கைலாசம் இங்கதான் நின்னுனு இருக்கான்!"

ஜெயக்குமார் போனை அணைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்தார். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பழக்கத்தில் இடது கை தாழ்ந்து முன்னே நீண்டது. அந்தப் பக்கம் நெம்புகோல் இல்லை, காகிதம் முடிந்து வெறும் சுவர்தான். கை அங்கேயே சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். இடது கையை இழுத்து நெஞ்சருகே வைத்துக்கொண்டு, வலது கையை, யாரோ ஒருவருடைய கையைப் போல, மெதுவாக நடுவில் நீட்டினார்.