கூழைக்கடாவின் இடது இறக்கை

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருபது வருடமாகப் பந்தயப் புறா வளர்க்கிறேன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுவது பிழைப்பு. புறாதான் என் மானம். பறவை விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் என் காதில் ஏறாது. அந்தத் திமிர் இப்போது இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய மழைக்காலம் அது. அங்கே மீன் பிடிக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு கூழைக்கடாவைச் சாக்கில் சுற்றி ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தான். அதன் உடம்பெல்லாம் கறுப்பு. அவனுடைய வலையும் படகும்கூட அப்படித்தான் பாழாகிக் கிடந்தன.

"இதுனாச்சும் பொயைக்கட்டும் மாமா. உன் கைல எத்தினி புறா தேறிக்கீது" என்றான். கண் கலங்கியிருந்தது. எப்படியாவது அதைப் பறக்கவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

புறா என் ஒரு கைக்குள் அடங்கும். அதன் நெஞ்சு படபடப்பது விரலில் தெரியும். இதைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. புறாவை எங்கே கொண்டுபோய் விட்டாலும் என் மாடிக்குத் திரும்பி வரும். கூழைக்கடாவுக்குத் தண்ணீர்தான் வீடு. இத்தனை வித்தியாசம் தெரிந்தும் புத்தி புறாவிலேயே நின்றது.

புறாவின் இறகு பாழானால் நாங்கள் வெட்ட மாட்டோம், வேரோடு பிடுங்கிவிடுவோம். வெட்டினால் மிச்சமிருக்கும் தண்டு தானாக உதிரும்வரை காத்திருக்க வேண்டும். பிடுங்கினால் சீக்கிரமே புதுசு முளைத்துவிடும். புறாக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். இதற்கும் அதையே செய்ய இடது இறக்கையை விரித்தேன்.

"இன்னாய்யா பண்றே? அது இன்னா புறாவா?" என்று மனைவி ஓடிவந்தாள். "சோப்பு போட்டு கய்வி வுடு. காலைல பாரஸ்ட்காரங்களாண்ட குட்த்துடலாம்."

"சும்மா இருமே. எனுக்குத் தெரியாததா?"

மச்சான் அலகைப் பிடித்துக்கொண்டான். இடது இறக்கையின் பெரிய இறகுகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். பலகையில் இறங்கிய ஆணி போல இருந்தது ஒவ்வொன்றும். புறாவாக இருந்தால் முனகியிருக்கும். இது சத்தமே போடவில்லை. அவ்வளவாக வலிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் கொட்டிய பிறகுதான் கையை எடுத்தேன்.

மறுநாள் காலையில், எண்ணெய் பட்ட பறவைகளுக்காகப் போட்டிருந்த வனத்துறை முகாமுக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் அம்மா இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"யார் பிடுங்கினது?"

"நான்தான் மேடம்."

"எண்ணெயைக் கழுவியிருந்தாலே போதும், பறந்திருக்கும். வேரே கிழிஞ்சிருக்கு. இனிமே முளைக்கிறது சந்தேகம்தான்."

"வலிச்சிருந்தா கத்திருக்குமே மேடம்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வளர்ந்த கூழைக்கடா இந்த மாதிரி நேரத்துல கத்தாது சார். எவ்ளோ வலிச்சாலும்."

கழுவிய மற்ற பறவைகளையெல்லாம் சில வாரங்களில் பறக்கவிட்டார்கள். இதைக் கம்பிவலை போட்ட ஒரு குளத்தில் வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நானும் பார்க்கப் போனோம். உடம்பு வெள்ளையாகியிருந்தது. மேலே ஒரு கூட்டம் பறந்து போனது. இது இரண்டு இறக்கைகளையும் விரித்து, தண்ணீரில் நாலு அடி ஓடி, இடது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சான் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்பாக இருந்தால், அவனுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பேன்.