நாகரிகத்துக்கு முன்

"தோட்டத்துத் தமிழ வெச்சிக்கிட்டு மியூசியத்துக்கு போர்ட் எழுத ஏலாது, மகள்" என்று அந்த ஐயா சொன்னபோது, அவருக்காகக் கொண்டுபோன தேநீர்க் கோப்பை என் கையில் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, நான் பல்கலைக்கழகத்தில் தமிழை விசேட பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சின்னப் பிள்ளை பெரியவர்களின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "பட்டம் வேற, பாஷை வேற" என்றார். பிறகு ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி கூடிப்போச்சு என்றும் சொன்னார்.

அவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் நூதனசாலையில் புதிதாகத் திறக்கவிருந்த கூடத்துக்குத் தமிழ்ப் பலகைகள் எழுதும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. நான் அங்கே வழிகாட்டி. வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டுவது என் வேலை. பலகை எழுதுவது என் வேலைக்குள் வராது என்று டிரெக்டர் மேடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

நூதனசாலை மாத்தளையிலிருந்து நாலந்தா போகிற வழியில், ஒரு பழைய பங்களாவில் இருக்கிறது. கீழே ஓவியங்கள், மேலே உடைகள். தம்புள்ளைக்கு மரக்கறி லொறிகள் போகும்போதெல்லாம் கண்ணாடிப் பெட்டிகள் மெல்ல அதிரும். சனிக்கிழமைகளில் பின்கட்டில், துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் வகுப்பு நடக்கும். மெழுகு வாசனை மாடி வரை ஏறும். கண்டிக் கலியாண உடைகளுக்கு ஒரு முழு அறை. ஒசரி என்னும் பழைய கண்டிச் சேலைகள், நகைகள், துரைமார் வீட்டுப் பெண்கள் போட்ட தொப்பிகள், கொழும்பில் பேர்பெற்ற டிசைனர்கள் தைத்த கவுன்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தேன். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் துணி அங்கே ஒரு முழம்கூட இல்லை. அதை நான்தான் மேடத்திடம் சொன்னேன். அவருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. இரண்டே வாரத்தில் அது அவருடைய யோசனையாகிவிட்டது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. கூடம் வந்தால் போதும் என்றிருந்தேன்.

மேடத்துக்குப் படங்கு வேண்டும். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்புக்குத்தான் படங்கு என்று பெயர். செடியின் கிளை கிழிக்காமலும் காலைப் பனி துணியை நனைக்காமலும் காப்பது அதுதான். புதிதாகத் தைத்தது வேண்டாம், உண்மையாகவே கட்டியது வேண்டும் என்றார் மேடம். அதைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போன அம்மாவிடம் கேட்டேன்.

"இதையா?" என்றாள் அம்மா. "கண்ணாடிப் பொட்டிக்குள்ள இதக் கொண்டுபோயி வெச்சா ஊரே சிரிக்கும் புள்ள. நல்ல சேலை ரெண்டு இருக்கு, அத எடுத்துக்கிட்டுப் போ."

"சேலை அங்க நெறைய இருக்கும்மா. படங்குதான் இல்ல."

"இல்லாட்டி என்ன? இது என்ன பெருமைக்கா கட்டுனோம்?"

பக்கத்து லயத்து வரிசை வீட்டு அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் காரியத்திலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகாதவர். "குடு அக்கா, குடு. நம்மதான் கொழும்பு பாக்கல, படங்காச்சும் மியூசியம் பாக்கட்டும்" என்றார்.

அம்மா கொடுத்தாள். கொடுக்குமுன் அதைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தேயிலைக் கறை போகவில்லை. கறை இருந்தால்தான் நல்லது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. கடைசியில், "பக்கத்துல என்ன எழுதுவாங்க?" என்று கேட்டாள்.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக் கற்ற முதல் ஆள் நான்தான். அதை நான் ஒருநாளும் அடக்கமாகச் சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை. ஆகவே அன்றைக்கும் நிமிர்ந்துகொண்டுதான் சொன்னேன்: "நல்லா எழுதுவாங்கம்மா. நான் அங்கதானே இருக்கேன்."

அந்த வாக்கைக் கொடுத்தவள் நான். அதனால்தான் கூடத்தின் பலகைகள் அச்சாகி வந்த அன்று, மற்றவர்கள் உடையைப் பார்க்கப் போக நான் எழுத்தைப் பார்க்கப் போனேன்.

ஆங்கிலத்தில் தலைப்பு நன்றாகவே இருந்தது. பேஷன் என்று ஒன்று வருவதற்கு முன்னால் மக்கள் வேலைக்கு எதை உடுத்தினார்கள் என்பதுதான் அதன் பொருள். சிங்களத்தில் பேஷனுக்கென்று தனிச் சொல் இருக்கிறது. அங்கேயும் வில்லங்கம் இல்லை. தமிழ்ப் பலகையில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "நாகரிகத்துக்கு முன்: தோட்டப் பெண்களின் உடை."

அதைத் தமிழில் வாசிக்கிற யாருக்கும் பேஷன் ஞாபகம் வராது. மனிதர்கள் மனிதர்களாவதற்கு முந்திய காலம்தான் ஞாபகம் வரும். அதற்கு நேர் கீழே என் அம்மாவின் படங்கு, நீளமான நகங்களும் சிவந்த உதடுகளும் உள்ள ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் இடுப்பில், தேயிலைக் கறையோடு.

முதலில் வாய்விட்டுச் சொன்னவர் வாசல் காவலுக்கு இருக்கும் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். மாத்தளை டவுனிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். தமிழ்ப் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை வாசிப்பவர். பலகைக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "தங்கச்சி, எங்கட உம்மாட உடுப்பையும் கேக்கப் போறதா மேடம் சொன்னாங்க. அதுக்கு என்ன எழுதுவாங்க? நாகரிகத்துக்குப் பக்கத்துலன்னா?"

சிரிப்பு வரவில்லை. ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பேஷனுக்குத் தமிழ் நாகரிகம்தான், மகள். அகராதியப் பாருங்க."

"இருக்கலாம் ஐயா. ஆனா வாசிக்கிறவங்களுக்கு எங்கள காட்டு மனுசர்னு சொன்ன மாதிரிப் படும்."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லா இருந்தா நான் என்ன செய்ய? தமிழ் அப்படி."

"வேலைக்கு உடுத்தியவைன்னு போடலாமே ஐயா. இல்லாட்டி மலைக்குக் கட்டியவைன்னு."

"உடுத்தினது, கட்டினது… இதத்தான் நான் அண்டைக்கே சொன்னேன்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வைத்துவிட்டார்.

மேடத்திடம் போனேன். அவர் கெட்டவரில்லை. என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார்; தங்கச்சி என்று அர்த்தம். நான் சிங்களத்தில் விளக்கினேன். ஒரே சொல், இரண்டு பொருள், கீழே படங்கு, அதைக் கொடுத்தது என் அம்மா. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நங்கி, மூன்று மொழியிலும் இருக்க வேண்டும் என்பது சட்டம். தமிழ் இருக்கிறதுதானே?" என்றார். பலகை அச்சாகிவிட்டது, ஐயா பெரிய மனிதர், திறப்பு விழா நெருங்கிவிட்டது. எல்லாம் உண்மை. கடைசியாக என்னைத் தேற்றுகிற குரலில் ஒன்று சொன்னார்: "அதை யார் நின்று வாசிக்கப் போகிறார்கள்?"

வாசிக்கக்கூடியவர்களை ஒரு பஸ் நிறைய அவரே அழைத்திருந்தார்.

திறப்பு விழாவுக்குத் தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். இருப்பதிலேயே நல்ல சேலையை எல்லோரும் கட்டியிருந்தார்கள். பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். குத்துவிளக்கேற்றினார்கள், மும்மொழியிலும் வரவேற்றார்கள், பெரியவர்கள் பேசினார்கள். போட்டோ எடுக்கும்போது மட்டும் முன்னால் வரச் சொன்னார்கள். பிறகு மாடிக்கு ஏறினோம்.

பொம்மையைப் பார்த்ததும் அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "இந்த நகத்தோட இவ கொழுந்து எடுத்தா, கொழுந்தோட விரலும் சேந்து வந்துரும்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் கண்ணாடிக்குக் கிட்டப் போய் நின்றாள். தன் படங்கைத் தெரிந்துகொண்டாள். கறையில் அவள் கண் போனதைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாகக் கூட்டி அவளால் 'நாக' வரைக்கும் போக முடிந்தது.

"நாகம்னு இருக்கு" என்றாள். "வாசி புள்ள."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னால் நின்ற பெண்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்கள் ஏற்கெனவே வாசித்துவிட்டிருந்தார்கள். இருந்ததை இருந்தபடி வாசித்தேன்.

அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "அப்ப நம்ம எல்லாம் மரத்துலயா தொங்கிக்கிட்டு இருந்தோம்?" இந்தத் தடவை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீயா எழுதுன?"

"இல்லம்மா."

"நீ இங்கதானே வேலை செய்யிற?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இங்கே வேலை செய்கிற, தமிழ் படித்த மகள் இருக்கும்போது இது எப்படி எழுதப்பட்டது என்பது அவளுக்கு விளங்கவில்லை. என்னிடம் பதில் இருந்தது: வழிகாட்டி, என் வேலைக்குள் வராது, ஐயா, அகராதி. அவளைக் கையைப் பிடித்துக் கீழே பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். விழாவில் கொடுத்த சாப்பாட்டுப் பார்சலை அவள் பிரிக்காமல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்றிரவு நூதனசாலையின் முகநூல் பக்கத்தில் படங்கள் வந்தன. பின்வரிசைப் பெண்களை முன்னால் நிறுத்தி எடுத்த படத்துக்குத்தான் அதிக லைக். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் பலகையைப் பெரிதாக்கி வட்டம் போட்டு, சிரிக்கிற முகங்களுடன் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எனக்கும் வந்தது. "அக்கா, இது உங்க மியூசியம்தானே?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள்.

திங்கட்கிழமைகளில் நூதனசாலை பூட்டு. ஊழியர் ஒருவர் மட்டும் காலையில் வந்து கூடங்களைப் பார்த்துவிட்டுப் போகவேண்டும். அந்த வாரம் என் முறை. வீட்டிலிருந்து அப்பாவின் திருப்புளியைக் கொண்டுபோனேன். நானா கேட்டைத் திறந்துவிட்டு, நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்தார். கேட்காமலே பின்னால் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒண்டும் பாக்கல்ல தங்கச்சி" என்றார், இரண்டு கையாலும் ஸ்டூலின் காலை இறுக்கிப் பிடித்தபடி.

ஆங்கிலமும் சிங்களமும் தனித்தனிப் பலகைகள், அவற்றைத் தொடவில்லை. தமிழ்ப் பலகையை மட்டும் கழற்றி, துணியால் துடைத்து, மேடத்தின் மேசையில் எழுத்து மேலே தெரியும்படி வைத்தேன். கழற்றியது நான்தான் என்று ஒரு துண்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். யாரோ செய்தது என்று விசாரித்து அவர்கள் அலைய வேண்டாம்.

மறுநாள் மேடம் என்னை நங்கி என்று கூப்பிடவில்லை. எழுத்தில் விளக்கம் கேட்டார். கிடைக்கிற விளக்கத்தைப் பொறுத்துத்தான் வேலை என்றும் சொன்னார். இங்கே லீவு கேட்பதென்றாலும் நான் சிங்களத்தில்தான் எழுதுவேன். ஒரு பிழை இருக்காது. இந்தத் தடவை தமிழில் எழுதினேன். அம்மா மலைக்குப் போகையில் இடுப்பில் கட்டியது, சேலைக்கு மேல் சுற்றியது, கறை பிடித்தது, கண்ணாடிக்குள் வைக்க அவள் மனம் இல்லாமல் கொடுத்தது. எல்லாவற்றையும் எழுதினேன். பலகையில் என்ன வரவேண்டும் என்பதையும் முடிவில் எழுதினேன்.

அலுவலகத்தில் அதைக் கையில் வாங்கியவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். வாசிக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள் என்றேன். என் பிரதியில், கிடைத்தது என்று முத்திரை குத்தச் சொல்லி, மை காயும்வரை நின்று, வாங்கிக்கொண்டு வந்தேன்.