தண்ணீர் வரக்கூடாது என்று ஒரு ஜெபம்

என் ஜெபத்துக்கு வலு உண்டு என்று எங்கள் சபையில் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டுக்கு நூல் முடியப் போனவள் நான். இன்றைக்கு அதே தெருவில் என் ஷெட்டில் பதினாறு தறி ஓடுகிறது. சபையில் சுற்றுகிற ஆறு மின்விசிறியும் நான் வாங்கிக் கொடுத்தவை. பெயர் எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன், எழுதிவிட்டார்கள். பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன், மூட்டுவலி என்று எது வந்தாலும் ‘அக்கா, நீங்க ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க’ என்று என்னைத்தான் தேடி வருகிறார்கள். எத்தனையோ கேட்டிருக்கிறேன். கிடைத்தும் இருக்கிறது, கிடைக்காமலும் போயிருக்கிறது. கேட்ட வாய் மூடுவதற்குள் கிடைத்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான் கேட்ட காரியமும் நல்லதில்லை.

அப்போது நாங்கள் மம்சாபுரத்தில் இருந்தோம். அப்பா பம்ப்செட் மெக்கானிக். சைக்கிள் கேரியரில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு சேத்தூர், சுந்தரபாண்டியம் வரை கிணறு கிணறாகப் போவார். நாமம் போடாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் என்றால் எவர் தோட்டத்து மோட்டார் எரிந்தாலும் சரி, வடம் பிடிக்கப் போய்விடுவார்.

அம்மாவுக்குப் பஞ்சாலையில் வேலை. எனக்குப் பின்னால் பிறந்த தம்பி மூன்றாம் நாளே போய்விட்டான். அதிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை. சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். கூட வேலை பார்த்த ஒருத்தி அவளை ராஜபாளையத்தில் ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போனாள். ஓலைக் கொட்டகை, பாய் விரித்த மண்தரை, ஒரு டோலக்கு, அவ்வளவுதான். அன்று திரும்பி வந்த அம்மா தட்டை எடுத்துவைத்து, சோறு போட்டு, உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பா வாசற்படியில் நின்று அதைப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை.

ஒரு வருஷம் அப்படியே போனது. அம்மா ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்றபோதுதான் வெடித்தது.

“கும்பிடு, பாட்டுப் பாடு. வேண்டாம்னேனா? இந்த முங்குற சோலி மட்டும் வேண்டாம்.”

“மனசு கேக்க மாட்டேங்கு.”

“அப்ப முங்குன கையோட அந்தப் பக்கமே போயிரு. இந்தப் படி ஏறாத.”

அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை. அண்ணன் வீட்டில் இனிப் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று ஒரு சண்டையில் சொன்னவர், அந்த அண்ணன் செத்த வீட்டில் நாள் முழுக்க வெயிலில் நின்றபோதும் குடிக்கவில்லை. அதனால் அம்மா முங்கினால் வீட்டுக்கு வரமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

மேற்கே மலையடிவாரத்தில், சபைக்காரர் ஒருவருடைய மாந்தோப்பு. அங்கே பம்ப்செட் தொட்டியில்தான் ஞானஸ்நானம். நான்கு பேர் முங்க இருந்தார்கள். அம்மா நாலாவது ஆள். வெள்ளைச் சேலையில் வேறு யாரோபோல இருந்தாள். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். குழாயிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு மாமரத்துக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன்.

ஜெபிக்க அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆனால் இயேசுவின் காரியத்தைத் தடுக்கச் சொல்லி இயேசுவிடமே கேட்டால் செய்வாரா? அவர் இருக்கிறாரா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். தம்பி போனபோது எல்லாச் சாமியும் சும்மாதானே இருந்தது.

“இயேசப்பா, நீங்க நெசமாவே இருந்தா இந்தத் தொட்டி நெறையக் கூடாது. எங்கம்மா வீட்டுக்கு வரணும்” என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஆண்டாளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

கண்ணைத் திறந்தால் மோட்டார் சத்தம் இல்லை.

கரண்ட் போயிருந்தது. செத்த நேரத்தில் திரும்பி வந்தது, மோட்டாரும் ஓடியது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. பம்ப்பின் வாயில் குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்றியதெல்லாம் குழாய் வழியே கிணற்றுக்குள்ளேயே இறங்கிப் போனது. தொட்டியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் நின்றது.

எனக்குத் தலைமுடியிலிருந்து பாதம்வரை சிலிர்த்தது. அப்படியென்றால் இருக்கிறார். யாரோ ஒருவர் இருக்கிறார், நான் முணுமுணுத்ததைக் கேட்கிற தூரத்தில் நிற்கிறார். தோப்பில் ஓர் இலை அசையவில்லை. மலையும் அதன்மேல் நின்ற வெள்ளை மேகமும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“சாத்தான் தடுக்கான்” என்றாள் கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா. உடனே அத்தனை பேரும் முழங்காலில் நின்று மோட்டாருக்காக ஜெபித்தார்கள். நாற்பது பேர் இருக்கும். ஒரு சொட்டு வரவில்லை. நாற்பது பேர் ஜெபத்தை ஒன்பது வயசுக்காரி ஜெபம் மிஞ்சி நின்றது. இதைச் சபையில் நான் இதுவரை சொன்னதில்லை. அன்றைக்குச் சந்தோஷம் வரவில்லை. பெரியம்மா சொன்ன அந்தச் சாத்தான் நான்தானோ?

தோப்புக்காரர் மெக்கானிக்கைக் கூட்டிவர மகனை அனுப்பினார். அந்த வட்டாரத்தில் மெக்கானிக் என்றால் ஒருவர்தான்.

“அவிய வரமாட்டாக” என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

வந்தார். நாமம், காக்கிச் சட்டை, ஸ்பேனர் பை. அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தார், குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

“குழாய் அடியில இருக்க புட்வால்வு தண்ணியப் பிடிக்கலை. சாணி கரைச்சு ஊத்துனா அடைச்சுக்கிடும்.”

“ஏய்யா, சாணியவா? ஞானஸ்நானத் தொட்டிக்கா?” என்று பெரியம்மா பதறினாள்.

“மாட்டுத் தொழுவத்துல பொறந்த சாமிதான ஆச்சி? அவருக்குத் தெரியாத சாணியா?”

முதலில் சிரித்தது பாஸ்டர்தான்.

அப்பா என்னைப் பார்த்து, “ஏட்டி, சாணி கரைச்சுக் கொண்டா” என்றார். வேண்டுமென்றே தண்ணியாகக் கரைத்துக்கொண்டு போனேன். வாளியில் விரலை விட்டுப் பார்த்தவர், “கெட்டியா” என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தடவை கொண்டுபோய் வைத்தபோது, “முங்குனா அம்மா வீட்டுக்கு வராதுல்லப்பா?” என்று அவர் காதோடு கேட்டேன். “ஊத்து” என்றார்.

ஊற்றினேன். அப்பா சுவிட்சைப் போட்டார். குழாய் இருமியது, பச்சையாகக் கக்கியது. குழாய் வாயை வாய்க்கால் பக்கம் திருப்பிவிட்டு, பச்சை பழுப்பாகி, பழுப்பு தெளியும்வரை பக்கத்திலேயே நின்றார். கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார், நாக்கில் வைத்துத் துப்பினார். இன்னும் கொஞ்சநேரம் ஓடவிட்டு, மறுபடி ஏந்தி, இந்தத் தடவை குடித்தார். அதன்பிறகுதான் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினார்.

தண்ணீர் மார்பளவு வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, பாஸ்டர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

“அவ சின்னப்பிள்ளையில கம்மாயில விழுந்தவ. தண்ணின்னா பயம். ரொம்ப நேரம் உள்ள வச்சிராதீய.”

மூன்று பேர் முங்கி ஏறினார்கள். அம்மா இறங்கினாள். பாஸ்டர் ஒரு கையால் தலையைத் தாங்கி அவளைப் பின்னால் சாய்த்தார். வெள்ளைச் சேலை தண்ணீருக்குமேல் பூப்போல விரிந்தது, முகம் மறைந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை, அப்பாவைப் பார்த்தேன். மோட்டார் ரூம் வாசலில் கன்னம் உப்ப, உதட்டை இறுக்கிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க நின்றார். இவ்வளவு கோபத்தை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. அம்மா தலை வெளியே வந்து மூச்சு இழுத்தபோது, அப்பாவும் புஸ்ஸென்று மூச்சை விட்டார். முடிந்தது, இனி அம்மா நமக்கில்லை என்று நினைத்தேன்.

பெண்கள் அம்மாவுக்குத் துண்டைப் போர்த்தினார்கள். “எங்க வீட்டுல வந்து இரும்மா” என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். அம்மா நடுங்கிக்கொண்டே சேலை நுனியைப் பிழிந்தாள். அப்பா கை கழுவினார். பையை எடுத்தார். எப்போதும் கேரியரில் கட்டுகிற பையை அன்றைக்கு ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பி நிறுத்தி, “ஏறு” என்றார்.

நான் ஓடிப்போய் முன்பாரில் ஏறிக்கொண்டேன். அவர் மிதிக்கவில்லை. காலை ஊன்றியபடியே நின்றார். கடைசியில் அம்மா வந்து கேரியரில் உட்கார்ந்தாள்.

பாதி வழியில் எனக்குத் தாங்கவில்லை. “நான்தாம்ப்பா தண்ணிய நிப்பாட்டுனேன். ஜெபம் பண்ணேன்.”

“போட்டி இவளே. அந்த வால்வு போன மாசமே போயிருச்சு. மாத்துங்கன்னேன், அவிய கேக்கலை. கரண்ட் நின்னா தண்ணி இறங்கத்தான் செய்யும்.”

பின்னாலிருந்து அம்மா சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அப்ப கரண்ட நிப்பாட்டுனது யாரு?”

அப்பா மணியை அடித்துக்கொண்டு மிதித்தார். அதற்குப் பதில் இன்றைக்கு வரைக்கும் யாரிடமும் இல்லை. அதனால்தான் நான் சபையில் முன்வரிசையில் உட்கார்கிறேன். அப்பா கடைசிவரை சபைக்குள் கால் வைத்ததில்லை. அம்மா பைபிளை எடுத்தால் அவர் நாமம் போடும் திருமண்பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். ஒரே அடுப்பில்தான் சோறு பொங்கியது.

வீடு வரும்வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. நிறுத்தியது இயேசுவா, ஆண்டாளா? இரண்டு பேரில் யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்? சைக்கிள் குலுங்கக் குலுங்க வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ‘இது இப்ப ஆகாது, பைப்பைக் கழட்டணும், ரெண்டு நாளாகும்’ என்று மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் நம்பிக் கலைந்து போயிருப்பார்கள், அம்மாவும் முங்காமல் வீடு திரும்பியிருப்பாள், சொன்ன சொல்லும் நின்றிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மேடு வந்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நான் அப்போதும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.