நூற்றைம்பது எண்ணும் கண்ணாடிக்காரர்

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, நாப்பது..."

டிராம் நிறுத்தத்தில் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, செங்கல் சுவரோடு ஒண்டி நிற்கிறார் ஃபனிஸ். மேலே கம்பியெல்லாம் உறைபனி. டிராம் வந்து நின்றபோது அதில் நீலமாய் ஒரு பொறி பளிச்சிட்டது, அவ்வளவுதான். கூட்டம் ஏறியது. ஓட்டுகிற பெண் தலையை நீட்டி, "அண்ணே, ஏறுறியா, இல்ல அந்தச் சுவத்தோடயே குடும்பம் நடத்தப் போறியா?" என்று கத்தினாள். அவர் ஒரு கையை மட்டும் தூக்கி, போ என்று ஆட்டினார். எண்ணும்போது நடுவில் பேசக் கூடாது. நூற்றைம்பது ஆனதும் திரும்பிப் பார்த்தார். தண்டவாளம் காலி.

வெளிச்சம் என்றால் திடுக்கிடுகிற ஆட்கள் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தில் இன்னும் சிலர் உண்டு. ஆனால் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவதே தொழிலாக இருந்தும் அதன் பக்கம் உட்காராதவர் இவர் ஒருவர்தான். குடியிருப்புப் பராமரிப்பில் முப்பது வருடமாக வேலை. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி அறுக்கும் உளி. பொருத்திய கண்ணாடியை நகத்தால் ஒரு தட்டு தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிறகு அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொற்பொழிவு தொடங்கும்.

"அக்கா, வானத்துல பளிச்சுன்னு ஏதாச்சும் தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? ஜன்னலுக்கு ஓடிப் போய் என்னன்னு பாப்பேன்."

"அதான்! அதேதான் எல்லாரும் செஞ்சோம்! ஓடாதீங்க. கீழ உக்காந்து தலைய மூடிக்கிட்டு நூத்தம்பது எண்ணுங்க. வெளிச்சம் முதல்ல வந்துரும். சத்தம் டீ குடிச்சிட்டு நிதானமாத்தான் வரும். வர்றப்ப உங்க ஜன்னலையும் கையோட தூக்கிட்டு வரும்."

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். காலடியைத்தான் பார்ப்பார். உங்கள் நிழல் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, ஒன்றாகத்தான் இருக்கிறதா என்று.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரிக் காலை. சமையலறைத் தரையில் கிடந்த நாற்காலியின் நிழல் திடீரென்று கன்னங்கரேலென்று கறுத்தது. கறுத்த நிழல் கடிகார முள்ளைப் போலத் தரையைச் சுற்றி நடந்தது. முள் அரை நாள் போகும் தூரத்தை ஒரே மூச்சில் நடந்தது. முகத்தில் அடுப்புக் கதவைத் திறந்த சூடு. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. வானத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்து, சத்தமே இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

"சானியா, சீக்கிரம் வா! இங்க வந்து பாரு!"

கையில் ஒட்டிய மாவோடு வந்த மனைவி, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தாள். இருவரும் அப்படியே இரண்டு நிமிடம் நின்றார்கள். படம் எடுக்கலாம் என்று கைபேசியைத் தேடி ஃபனிஸ் உள்ளே போனார். அந்த நேரத்தில்தான் சத்தம் வந்து சேர்ந்தது. கண்ணாடி சிதறி சானியாவின் இடது கண் போனது. அந்தக் கண்ணாடியை முந்தைய இலையுதிர் காலத்தில் போட்டவரும் அவர்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும், குளிரில் விறைத்த விரலோடு ஊர் முழுக்கக் கண்ணாடி போட்டார். குழந்தை இருக்கிற வீடு முதலில். எல்லோரும் கட்டிப்பிடித்துக் கும்பிட்டார்கள். யார் கூப்பிட்டு அவள் ஜன்னலுக்கு வந்தாள் என்பதை இவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் எதையும் யாருக்கும் 'வந்து பாரு' என்று காட்டியதில்லை. வானவில் வந்தாலும் தனியாகப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

போன இலையுதிர் காலத்தில் கலாச்சார மன்றத்துக்கு ஒல்லியான ஒரு வானியல்காரர் வந்தார். மூக்கால் பேசுகிறவர். "அன்பு நண்பர்களே, கவலையே வேண்டாம். மலை மாதிரி இருக்குற விண்கல்ல எல்லாம் பெரும்பாலும் கணக்கெடுத்தாச்சு. ஒண்ண இடிச்சுப் பாதைய மாத்தியும் காட்டிட்டாங்க."

ஃபனிஸ் எழுந்தார். "நம்ம ஊருக்கு வந்தது எவ்வளவு பெருசுங்க?"

"அது சின்னதுதான். ஒரு வீடு அளவு."

"சின்னது. சரி. அது வர்றது ஏன் யாருக்கும் தெரியல?"

"சூரியன் பக்கமா வந்துச்சு. அந்தப் பக்கம் தரையிலேருந்து பாக்க முடியாது, கண்ணு கூசும். மேல விண்வெளியில ஒரு தொலைநோக்கி வைக்கணும். அதுக்கான வேலை நடக்குது."

"அதுவரைக்கும்?"

வானியல்காரர் தண்ணீர் குடித்தார். "அதுவரைக்கும்... ஜன்னல் பக்கம் போகாதீங்க."

மன்றமே சிரித்தது. ஃபனிஸ் சிரிக்கவில்லை. டாக்டர் வாயால் நோயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டவரைப் போல மெதுவாக உட்கார்ந்தார்.

சானியாவுக்குத் துணி தைக்கிற வேலை. அவள் தையல் மெஷின் பதினோரு வருடமாக ஜன்னலே இல்லாத நடைவழியில், ஒரு பல்புக்குக் கீழே கிடந்தது. அங்கே தூக்கி வைத்தவர் இவர்தான். இந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு கிளாவ்தியா, புருஷனின் நினைவு நாளுக்கு ஒரு கறுப்புப் பாவாடை தைக்கக் கொடுத்தாள். வாங்கிப் போனவள் ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள். "சானியா கண்ணு, செத்தவருக்கு நீலம் புடிக்கும்தான். அதுக்காகக் கறுப்புத் துணியில நீல நூலா?" இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் போன பிறகு சானியா சிரிக்கவில்லை. மீதமிருக்கும் கண்ணிலும் புரை விழுந்துகொண்டிருந்தது.

"மெஷின் ஜன்னலுக்குப் போகுது," என்றாள்.

"இருக்கிறது ஒரே கண்ணு, சானியா."

"அந்தக் கண்ணுக்குத்தான் வெளிச்சம் கேக்குறேன். நீ காப்பாத்திக் காப்பாத்தி என்னை இருட்டுல வச்சிருக்க."

"அது வந்துச்சுன்னா?"

"வராமலே போச்சுன்னா?"

சனிக்கிழமை முழுக்க அவர், கண்ணாடி சிதறாமலிருக்க ஒட்டுகிற தாளை இரண்டு அடுக்காக ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஷினைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து ஜன்னலடி மேசையில் வைத்தார். சானியா உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, நூலை நாக்கில் நனைத்து ஊசிக்குக் கொண்டுபோனாள்.

சுவரில் ஒரு வெளிச்சம் விழுந்தது. விழுந்த வெளிச்சம் நகர்ந்தது. மெஷின் சக்கரத்தின் நிழல் கறுத்து, மேசைமேல் நடக்கத் தொடங்கியது.

அடுத்த நொடி மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த ஒரு முழ இடத்தில் ஃபனிஸ் நின்றார். முதுகு கண்ணாடியில், இரண்டு கையும் விரிந்து, ஜன்னல் முழுக்க அவர். "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"எதிர் வீட்டுல காத்துக்காக ஜன்னலத் தொறக்கிறாங்க," என்றாள் சானியா. "அதுல பட்ட வெயிலு."

"ஒம்பது, பத்து..."

"ஃபனிஸ். ஊசிக் காது தெரியல."

"இருபது..."

அவள் மர அளவுகோலை எடுத்து அவர் இடுப்பில் தட்டினாள். எண்ணுவதை நிறுத்தாமலே அவர் அரை அடி நகர்ந்தார். ஊசி வெயிலுக்கு வந்தது. அவள் முகம் மட்டும் அவர் நிழலுக்குள் இருந்தது.