நான் நிற்காத இடம்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளின் காலையில் ஒரு பகுதி என் மூத்த சகோதரி ராத்தாவின் ஞாபகத்தில் இல்லை. சாய்ந்தமருதில் கடற்கரையோரம் இருந்த வீட்டில் அவள் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு ராத்தாவுக்குத் தெரிந்தது, ஆஸ்பத்திரித் தரையில் யாருடைய சாரனையோ போர்த்திக்கொண்டு படுத்திருந்தது மட்டும்தான். பிள்ளையின் ஜனாஸா, அந்தச் சின்ன உடல், ஒரு மதிலோரம் கிடைத்தது. ராத்தாவின் கணவர், என் மச்சான், அன்று கொழும்பில் இருந்தார். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்ல யாருமே இல்லை.

இருபது வருஷத்துக்கு மேலாக ராத்தா அந்த வெறுமையோடுதான் வாழ்ந்தாள். அதைப் பற்றிக் கேட்டால், "அதில ஒண்டும் இல்ல தம்பி, வெள்ளையா இரிக்கி" என்பாள். கடற்கரையைவிட்டு உள்ளே, வீடிழந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த மாடிவீட்டுக்குப் போன பிறகும் அவளுக்கு நல்ல தூக்கம் வந்ததில்லை. அண்மையில் அது இன்னும் மோசமாகி, பகலிலும் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. அப்போதுதான் ஒரு கலியாண வீட்டில் யாரோ மச்சானிடம் கல்முனையில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். மருந்து மாத்திரை ஒன்றும் கிடையாது, பேசியே மனதைத் தூங்க வைத்து நோயை எடுக்கிறார், ஹிப்னாடிசம் என்றார்கள்.

அவரைப் பற்றி விசாரித்தபோது, கட்டாரில் ஸ்டோர் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்று தெரிந்தது. அங்கே இருந்தபோதே போனில் ஒரு கோர்ஸ் செய்து சான்றிதழ் வாங்கியிருந்தார். கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக்கு மேலே அறை எடுத்து, அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஆட்கள் அவரை டொக்டர் என்றார்கள். அவரும் திருத்தவில்லை.

ராத்தா சில தடவை போய்வந்தாள். உண்மையைச் சொல்வதென்றால் முதலில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அவள் தூங்கினாள். முகம் தெளிந்தது. மச்சான் அந்த மனிதருக்காகத் தொழுகையில் துஆக் கேட்டார்.

பிறகு ஒரு பின்னேரம் வழக்கம்போல் தயிர் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எனக்கு வயல்தான் தொழில். சம்மாந்துறைப் பக்கம் இருந்து திரும்பும்போதெல்லாம் ராத்தா வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் நிந்தவூரில் இருக்கும் என் வீட்டுக்குப் போவேன். அன்று அவள் தேத்தண்ணி ஊற்றவில்லை. எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. எதையோ விளங்கிக்கொள்ள முயல்கிறவள் மாதிரி, பொறுமையாகப் பார்த்தாள்.

"நீ ஏன்டா புள்ளட கைய உட்டாய்?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். தண்ணீர் வாசலுக்குள் வந்தபோது நான் அங்கே நின்றேனாம். நீலக் கட்டம் போட்ட சாரன் உடுத்திருந்தேனாம். பிள்ளையின் கையை நான் பிடித்திருந்தேனாம். ராத்தாவைத் தண்ணீர் சுவரோடு அடித்து வைத்திருந்ததால் அவளால் கிட்ட வர முடியவில்லையாம். பிள்ளையின் கையில் றப்பர் வளையல் இருந்ததாம், அது வழுக்கியதாம், நான் கீழே ஒரு தடவை பார்த்துவிட்டு விரலை விரித்தேனாம். நேற்றுக் கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொன்னாள்.

நான் அன்று வயலில் நின்றேன். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்த விஷயம். சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"ஓம், அப்பிடித்தான் நானும் நினைச்சிக் கொண்டிரிந்தன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். நீங்கள் வயலில்தான் நின்றீர்கள், இதில் என்ன சந்தேகம் என்றாள். ஆனால் அவளும் அன்று தன் உம்மா வீட்டில் இருந்தவள். நான் சொல்லித்தான் அவளுக்கு அது தெரியும். எனக்கு அந்த நாட்களில் நீலக் கட்டச் சாரன் ஒன்று இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அடுத்த கிழமை கல்முனைக்குப் போனேன். சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் படியேறினேன். அந்த மனிதர் என்னைவிட இளையவர். மரியாதையாக எழுந்து நின்று ஸலாம் சொல்லிக் கதிரை போட்டுத் தந்தார். ராத்தாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமோ பதற்றமோ வரவில்லை. என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார்.

"நான் ஒண்டும் சொல்லல்ல காக்கா. நான் கேட்டது மட்டும்தான். அவங்கட ஆழ்மனம்தான் சொன்னது. ஆழ்மனம் பொய் சொல்லாது."

என்ன கேட்டீர்கள் என்றேன். மறைக்கவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தொழில் நுணுக்கத்தைக் காட்டுகிற சந்தோஷத்தோடு குரலைத் தாழ்த்திச் சொல்லிக் காட்டினார். "தண்ணி வருது. புள்ளட கைய ஆரோ புடிச்சிரிக்காங்க. ஆர் அது? நல்லாப் பாருங்க. வீட்டு ஆள்தான். ஆம்புள. முகத்தைப் பாருங்க." பிள்ளையின் கையை யாரோ பிடித்திருந்ததாக ராத்தா சொல்லியிருக்கவில்லை. ஆண் என்றும் சொல்லவில்லை. வெள்ளையாக இருந்த இடத்தில் முதலில் ஒரு கையைக் கொண்டுபோய் வைத்தது இவர்தான். அது தனக்கே தெரியாமல் அவர் என் முன்னால் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, உங்களுக்கும் அந்த நாள் பாரமாக இருக்கும், கொஞ்சம் சாய்ந்து இருங்கள் என்றார். எழும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் சாய்ந்தேன். அங்கே நின்றேனா இல்லையா என்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பசி வந்திருந்தது. அவர் பேசப் பேச மின்விசிறியின் சத்தம் தூரமாகப் போனது. கால் நனைவது போலிருந்தது. ராத்தாவின் பழைய வாசல் தெரிந்தது. இடுப்பளவு கலங்கல் தண்ணீர். என் கைக்குள் சூடான சின்னக் கை ஒன்று இருந்தது. பச்சை றப்பர் வளையல்.

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. அவர் எடுத்தார். வேறொரு குரலில், சத்தமாக, கூரை ஓடு ஏற்றிய லொறி எப்போது வரும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே வெளியே போனார். நான் அங்கேயே இருந்தேன். கண்ணைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது, எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. கதவுக்கு அப்பால் ஓட்டு விலை பற்றிய பேச்சுக் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறோம் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு இல்லை.

எப்படியோ கண் திறந்தது. அவர் வருவதற்குள் படியிறங்கிவிட்டேன். வெயிலில் நின்று என் மோட்டார் சைக்கிளைத் தேடினேன். அது எனக்கு முன்னாலேயே நின்றது.

நேரே வீட்டுக்குப் போகவில்லை. வீரமுனைக்குப் போனேன். அங்கே என் வயலுக்குப் பக்கத்து வயல்காரர் இருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு முன்னால் விதைநெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். முகமன்கூடச் சொல்லாமல், கடல் வந்த அன்றைக்கு நான் எங்கே நின்றேன் என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னோடதானே தம்பி நிண்டீங்க. ரெண்டு பேரும் நெல்லுக்குப் பசளை எறிஞ்சு கொண்டிரிந்தம். றோட்டால ஆக்கள் கத்திக்கொண்டு போனாங்க. நீங்க கையக்கூடக் கழுவாம ஓடினீங்க" என்றார். பிறகு, ஏன் கேட்கிறீர்கள் என்றார். நெல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

அதற்குப் பிறகு ராத்தாவை ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனேன். மச்சான் முதலில் மறுத்தார், தூங்குகிறாள்தானே என்றார். அந்த வைத்தியர் அம்மா எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். ஹிப்னாடிச முறையைப் படித்துத் தேர்ந்தவர்கள் பயன்படுத்துவதுண்டு என்றும், பெரிய இழப்பைக் கண்டவர்களிடம் அவர்கள் மிகவும் யோசித்துத்தான் அதைத் தொடுவார்கள் என்றும், பதிலை உள்ளே வைத்துக் கேள்வி கேட்கவே மாட்டார்கள் என்றும் சொன்னார். அந்த நிலையில் யார் என்று கேட்டால் மனம் யாரையாவது கொடுத்துவிடுமாம். ஏன் என்னை என்று கேட்டேன். பிள்ளையை வழக்கமாகக் கைபிடித்துக் கூட்டிப்போனவர் யார் என்று அவர் ராத்தாவிடம் திருப்பிக் கேட்டார். நான்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு இனிப்பு வாங்கக் கடைக்குக் கூட்டிப்போவேன்.

அந்த அறையைப் பற்றி சுகாதார அலுவலகத்தில் முறைப்பாடு செய்தேன். அங்கிருந்தவர் அக்கறையாகத்தான் கேட்டார். மருந்து கொடுக்கவில்லை, ஊசி போடவில்லை, என்னவென்று எழுதுவது என்று யோசித்தார். அறை இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கியிருந்தார்கள்.

ராத்தா இப்போது மாத்திரை எடுக்கிறாள், வைத்தியரிடம் பேசப் போகிறாள். ஒருநாள் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் முதுகைக் காட்டியபடியே, "நீ வயலுக்கதான் நிண்ட எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சாலும் காணுறன் தம்பி" என்றாள். எனக்கும் அந்தச் சின்னக் கை சில நேரம் வருகிறது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அது சாட்சியாகிவிடும்.

அவள் குழாயை மூடினாள்.

"வெள்ளையா இரிக்கக்குள்ள புள்ள எப்பிடிப் போனாவோ, தனியப் போனாவோ எண்டுதான் ஒவ்வொரு நாளும் நினைப்பன். இதில அவட கைய நீ புடிச்சிரிக்காய். உட்டதெண்டு நான் இனிச் சொல்லமாட்டன். புடிச்சிரிந்த எண்டு மட்டும் நினைச்சிக்கொள்ளட்டா?"

அப்படி நினைக்கலாமா என்று வைத்தியரிடம்தான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை.

"நினைச்சிக்கொள்ளுங்க ராத்தா" என்றேன்.